சேர்ந்து சமைக்கிறீர்களா என்று கேட்டார்கள்

விவாகரத்துக்குப் பிறகு நானும் மகளும் நியூஜெர்சியில் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் இருந்தோம். எனக்கு டேகேரில் பகுதி நேர வேலை. மாதாமாதம் அரசாங்கம் ஒரு கார்டில் உணவு உதவி போடும். கடையில் அதைத் தேய்த்து அரிசி, பருப்பு, பால் வாங்குவேன். மகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடும் இருந்தது.

அந்த நாட்களில்தான் அவர் பழக்கமானார். யாழ்ப்பாணத்துக்காரர். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு வருடப் பழக்கத்துக்குப் பின் அவர் வீட்டுக்கே குடிபோவதென்று முடிவு செய்தோம். கல்யாணத்துக்கு இருவருக்குமே அவசரமில்லை.

முகவரி மாறுவதைச் சொல்ல உணவு உதவி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். ஒரே வீட்டில் இருப்பது பிரச்சினையில்லை, சேர்ந்து வாங்கிச் சமைக்கிறீர்களா என்பதுதான் கேள்வி என்றாள் அங்கிருந்த பெண். சேர்ந்து என்றால் அவர் சம்பளமும் கணக்கில் வரும், கார்டு நின்றுவிடும்.

"தனித்தனியாதான்" என்றேன்.

அவரிடம் சொன்னேன். "கார்டு ஒண்ணுதான் என் பேர்ல இருக்கு. நாளைக்கு நமக்குள்ள சரிப்படலைன்னா மறுபடி அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கணும்."

"ஓம், விளங்குது. வேற வேறயாச் சமைப்பம். அதுக்கென்ன?" என்றார்.

அப்படியே செய்தோம். ஃப்ரிட்ஜில் மேல் தட்டுகள் எங்களுக்கு, கீழே அவருக்கு. ரைஸ் குக்கர் இரண்டு. ஒரே மேஜையில் அவர் மீன் குழம்பும் நாங்கள் சாம்பாரும் சாப்பிட்டோம். மகளுக்கு ஒன்பது வயது. ஒருமுறைதான் விளக்கினேன், புரிந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று அவர்தான் வீட்டில் இருந்தார், கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். மாலையில் நான் வந்தபோது கிண்ணம் அப்படியே இருந்தது.

"பிள்ளை குடிக்கேல்ல. ஏனெண்டு தெரியேல்ல" என்றார்.

அவளிடம் கேட்டேன். "அது நம்ம ரைஸா, அவரோட ரைஸா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நம்முடையதுதான் என்று சொல்லிக் கஞ்சியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, இனி சேர்ந்துதான் சமைக்கிறோம் என்றேன்.

அடுத்த மாதம் கார்டு நின்றது. மகளின் காப்பீடு தொடர்ந்தது. கல்யாணம் ஆகாததால் அவர் வருமானம் அதில் சேராது என்றார்கள். டேகேரில் முழு நேரம் கேட்டு வாங்கினேன். அது கிடைக்கும்வரை கடையில் அவர்தான் பணம் கொடுத்தார். அந்த நேரத்தில் நான் பைகளை அடுக்குவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் கவனித்திருப்பார்.