புல்லுக்கு ரெண்டாவது கோட்

பெயிண்டருக்குத் தெருவில் இன்னொரு பெயர் 'ரெண்டு கோட்'. ஒரு கோட் போதும் என்று வீட்டுக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மனிதர் மசியமாட்டார். ஈரம் காயாத சுவரில் பிரஷ்ஷை வைக்கவும் மாட்டார். "முதல்ல ஒழுகுறதைப் பாருங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அதனால் கைநழுவிய வேலைகள் ஏராளம். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு உழைத்தே வயதாகிவிட்டது. சொந்த வீடு கட்டியதும் வாசலுக்கு முன்னால் கொஞ்சம் புல் வளர்த்தார். அதன் மேல் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

மகள் ஒரு பையனை விரும்பினாள். அவனுடைய பெற்றோர் வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வார்களாம். "புல்லுல நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம்ப்பா" என்றாள் மகள். அந்த நேரம் பார்த்தா புல் மஞ்சளடிக்க வேண்டும்? பெயிண்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உரக்கடைக்குப் போய் யூரியா மூட்டை மேல் கையை வைத்தார். கடைக்கார அம்மா தடுத்தாள்.

"அது சீக்கிரம் பச்சையாக்கும், கொஞ்சம் கூடினாலும் கருக்கிடும். இந்தக் குருணை உரத்தை எடுத்துக்கங்க. மூணு சத்தும் கலந்தது, தழைச்சத்து மட்டும் தூக்கல். தூவிட்டு நல்லாத் தண்ணி விடுங்க. ஒரே தடவைதான், சொல்லிட்டேன்."

உரம் சரியான உரம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். சொன்னபடி தூவினார், தண்ணீரும் விட்டார். மறுநாள் காலையில்தான் கை அரித்தது. ஒரே கோட்டில் வேலை முடிந்ததாக அவர் மனசு எப்படி ஒப்பும்? கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு கேட்டோரத்தில் ஆரம்பித்தார். மனைவி ஓடிவந்து கிண்ணத்தைப் பிடுங்குவதற்குள் ஒரு பாய் அகலத்துக்குக் காரியம் முடிந்துவிட்டது.

"இதென்ன சுவரா? அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

பைப்பைத் திறந்து அந்த இடத்தைக் குளிப்பாட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் பச்சைப்பசேலென்று எழுந்து நிற்க, கேட்டோரம் மட்டும் கருகிப்போனது. கொட்டகையில் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் டப்பாவைக்கூட ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தன் மேலேயே கோபம் வந்து கொட்டகையைச் சாத்தினார்.

பையன் வீட்டார் வருகிற நாளில் மனைவி சத்தமில்லாமல் கருகின இடத்தின் மேல் அழகான விரிப்பு ஒன்றைப் போட்டு மறைத்தாள். பையனின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்தார்.

"மெத்தை மாதிரி இருக்கே! என்ன உரம் போடுறீங்க? எங்க வீட்டுப் புல் மஞ்சளாக் கிடக்கு."

பெயிண்டர் உரத்தின் பெயரைச் சொன்னார். அத்தோடு நிறுத்துங்கள் என்று மனைவி கண்ணாலேயே அதட்டினாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொன்னது பாதிதானே? எழுந்துபோய் விரிப்பைச் சுருட்டினார்.

"உரம் நல்ல உரம்தாங்க. மறுபடியும் அள்ளிப் போட்டா இப்படி ஆயிடும். போட்டது நான்தான்."

மனைவிக்கு உயிரே போய்விட்டது. மகள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வந்தவர் கருகின இடத்தையும் பெயிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது. நீங்களும் போய் இதையே பண்ணியிருப்பீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ எங்க வீட்டுக்கு நீங்களே வந்து உரம் போட்டுக் குடுங்க, சம்பந்தி."

சம்பந்தி! பெயிண்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மனைவி விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை, குரலில்தான் காட்டிக்கொள்ளவில்லை.

"கிண்ணத்தைப் பிடுங்க நானும் கூட வர்றேன், சம்பந்தி."