வேலுச்சாமி அண்ணனைக் கிடத்த ஒரு வீடு

வேலுச்சாமி அண்ணன் இறந்த செய்தி எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகளாக வந்தது. முதல் அழைப்பில், மருத்துவமனையிலிருந்து அவருடைய மனைவி சரோஜா அக்கா, உயிர் போய்விட்டது என்றார். அடுத்த அழைப்பில், திருப்பூர் ராயபுரத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் உரிமையாளர், உடல் எங்கே போகக் கூடாது என்று தெரிவித்தார்.

“தங்கமான மனுசனுங்க. மனசே ஆறலீங்க. ஆனாப் பாருங்க, ஊட்டுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கறோம். மேல் போர்சனுக்கும் ஆளு பாத்துட்டிருக்கறோம். இங்க கொண்டாராம நேரா மயானத்துக்கே எடுத்துட்டுப் போயிட்டா எல்லாருக்கும் நல்லதுங்க.”

எங்கள் ஊரில் மறுப்பு மரியாதையோடுதான் வரும். பிணத்தை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கும் ‘ங்க’ உண்டு. அந்த மாத வாடகை அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பதை இந்த இடத்தில் குறிப்பிடுவது அநாகரிகம். ஆகவே குறிப்பிட்டுவிடுகிறேன்.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அவர் பர்ச்சேஸ் மேனேஜர். நான் அதே நிறுவனத்தில் ஷிப்பிங் பிரிவு. நூல் வாங்குவது அவருடைய உத்தியோகம். வீடு, மனை வாங்கக் கிளம்புகிறவர்களோடு துணைக்குப் போவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. சாந்தமானவர் அல்லர். விடாக்கண்டர், சண்டைக்காரர், தம்மைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உள்ளவர். “நூல் வாங்கறப்ப கோனைப் பிரிச்சுப் பாக்கறீங்க. ஊடு வாங்கறப்ப மட்டும் நோட்டீஸ்ல இருக்கற படத்தைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறீங்க” என்று முதலாளிகளையே கேட்டவர்.

நான் அவரோடு முதன்முதலில் போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை விற்பவர்கள் எங்கள் கம்பெனி வாசலுக்கு அனுப்பிய வேனில். திருப்பூருக்கு மிக அருகில் என்றார்கள். குண்டடத்தையும் தாண்டிப் போய் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் பந்தியில் பிரியாணி. எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணன் மட்டும் நின்றார்.

“உக்காருங்க சார், ஆறிடும்” என்றார் விற்பனைப் பையன்.

“சாப்பிட்டுட்டா அப்பறம் குறை சொல்ல வாய் வராதுங்க கண்ணு. மொதல்ல பாத்துக்கறன். ஏனுங்க, வரைபடத்துல பூங்கான்னு போட்டிருக்குதே, அது எங்கீங்க?”

“அது போன வாரமே புக் ஆயிடுச்சுங்க சார்.”

பூங்காவை வாங்கியவர் எங்கள் பந்தியிலேயே இரண்டாவது முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அண்ணன் ஊர் திரும்பும்வரை சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆகவே முன்பணமும் கொடுத்திருப்பேன். அவர்தான் சட்டைக் கையைப் பிடித்து வேனில் ஏற்றினார்.

அவர் சொன்னவை எல்லாம் எவருக்கும் புரியக்கூடியவை. நகலைக் காட்டினால் மூலப்பத்திரத்தைக் கேள். வில்லங்கச் சான்றை நீயே போய் வாங்கு, விற்கிறவன் கொண்டுவந்து தருவதை நம்பாதே. பவர் பத்திரம் வாங்கி விற்கிறான் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவருடைய ஊருக்கே போய் விசாரி. வெயிலில் எல்லா வீடும் அழகு, மழையில் போய்ப் பார். இவற்றைக் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு வாஸ்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினார்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் ஜெபராஜ், சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அவரும் மனைவி ஸ்டெல்லாவும் சாமளாபுரம் போகும் வழியில் ஒரு புது வீட்டைப் பிடித்துப்போய் அண்ணனை அழைத்தார்கள். வழவழப்பான தரை, குழாயைத் திறந்தால் கண்ணாடி போலத் தண்ணீர். அண்ணன் மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார். வீட்டைச் சுற்றித் தண்ணீர் லாரியின் சக்கரத் தடத்தைப் பார்த்தார்.

“மோட்டாரைப் போடுங்க, போர்த் தண்ணியப் பாக்கலாம்” என்றார்.

“கரண்ட் இல்லீங்களே” என்றார் விற்பவர்.

“வரட்டுமுங்க. நமக்கு என்ன அவசரம்.”

மதியச் சாப்பாட்டு நேரம் கடந்து மின்சாரம் வந்தது. அண்ணன் பையிலிருந்து வெள்ளைப் பனியன் துணித் துண்டொன்றை எடுத்துப் போர்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதறினார். வெள்ளை, இளஞ்சிவப்பாகியிருந்தது. சாயப்பட்டறைகள் நிலத்துக்குள் விட்ட கழிவு அந்த வீட்டு அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தது.

“கலர் நல்லாப் புடிச்சிருக்குதுங்க. வெளிநாட்டு பையர்கிட்டக் காட்டுனா ஆர்டரே குடுப்பான்” என்றார்.

விற்பவர் வெட்கப்படவில்லை. “இந்த ஏரியாவுல எல்லா ஊட்டுலயும் இப்படித்தானுங்க” என்றார். ஊர் முழுக்கக் குடிநீரைக் கெடுத்துவைத்தால், அது குறையாக இல்லாமல் வட்டார வழக்கமாகிவிடுகிறது.

ஸ்டெல்லாவின் கோபமோ அண்ணன்மேல்தான் பாய்ந்தது. “அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருவிய. பிள்ளையளக் கூட்டிட்டு நாங்க எங்க போய்க் கெடக்க?”

அடுத்த மழையில் அண்ணன் வேறொரு வீட்டைக் காட்டினார். சிறியது, பழையது, தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வருவது. குடை பிடித்தபடி நின்று பேசி முடித்தார்கள்.

அண்ணன் மட்டும் வாங்கவில்லை. பார்த்த எல்லா வீட்டிலும் ஒரு குறை இருந்தது. குடியிருந்த எல்லா வீட்டிலும் குறையைச் சொல்லி, காலி செய்யச் சொல்லப்பட்டார். “ஊருக்கெல்லாம் ஊடு அமைஞ்சுது. எனக்கு இவுரு அமைஞ்சாரு” என்பார் சரோஜா அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார், எப்போதும் அல்ல.

இப்போது மருத்துவமனை வாசலில் அக்கா கேட்டது ஒன்றுதான். அரை நாளாவது ஒரு வீட்டில் அவரைக் கிடத்தி, நாலு பேர் பார்த்து எடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவர் பார்த்துக் கொடுத்த வீடுகளில் வாழ்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள். இன்னொருவர் வீட்டில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மூன்றாமவர் வீட்டில் ஒன்றுமில்லை; அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம வீட்டுக்குக் கொண்டு வாங்க. வேற யாரையும் கேக்காண்டாம்” என்றார் ஸ்டெல்லா.

“அதெப்படீங்க, அவுங்க வேதக்காரங்க. நம்ம மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க” என்றார், யோசித்துக்கொண்டிருந்தவர்.

சரோஜா அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். “உங்க மொறைய உங்க ஊட்டுலயே பூட்டி வெச்சுக்குங்க மாமா. ஸ்டெல்லா, வண்டிய வரச்சொல்லு.”

ஜெபராஜ் கூடத்துக் கட்டிலைத் தெருவில் போட்டு இடம் செய்தார். சுவரில் சிலுவை, கீழே தலைமாட்டில் விளக்கு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மாலையில் ராயபுரத்து வீட்டுக்காரர் பெரிய மாலையோடு வந்தார். மாலையைச் சாத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். என் காதோரம் குனிந்து, “ஊடு பரவால்லீங்களே. இந்தப் பக்கம் இப்ப என்ன ரேட்டுப் போகுதுங்க?” என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. “ஏனுங்க, ஊடு பாக்க வந்தீங்களா, அவுரப் பாக்க வந்தீங்களா?”

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அண்ணா, இருட்டுவதற்குள் உங்களை எடுத்தோம். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஒருவர் அழுது வழியனுப்ப நீங்கள் ஒரு வீட்டைக் காலி செய்தது இதுதான் முதல் தடவை. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.