நிலைக்காத ஏழு மில்லிமீற்றர்

எனக்குக் கலியாணம் நடந்தபோது வயது முப்பத்தாறு. நான் யாழ்ப்பாணத் தீவு ஒன்றிலுள்ள இறுப்பிட்டிக்காரன்; அந்தத் தீவிலேயே ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பெண் வேலணையில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். நாள் குறித்த கிழமையே என்னை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. என் உறுப்பு சிறியது, வரப்போகிற மனைவி ஏமாந்துபோவார் என்ற பயம். பதினைந்து வயதில் சாட்டிக் கடலில் குளித்துவிட்டு உடுப்பு மாற்றும்போது கூட்டாளிகள் சொல்லிச் சிரித்த ஒரு வார்த்தையை இருபத்தொரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் கேட்க முடியாத விஷயம். போனில் தேடினேன். கையால் இழுத்தும் நீவியும் செய்யும் பயிற்சியை ஒருவர் ஒரு வீடியோவில் தமிழிலேயே விளக்கினார். நாளுக்கு அரை மணித்தியாலம், கிடைக்கும் வளர்ச்சி நிரந்தரம் என்றார். நான் அதைவிடக் கூடுதலாகவே செய்தேன். காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பயிற்சி. முடிந்ததும் அடிமட்டத்தால் அளவு. மூன்றாம் மாதம் ஏழு மில்லிமீற்றர் கூடியிருந்தது. அன்று பாடசாலையில் ஒரு பிள்ளையையும் ஏசவில்லை.

கலியாணத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. விட்டால் பழையபடி சுருங்கிவிடும் என்று அந்த வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்தார். ஒரு நாள் ஓரிடம் நீலம் பாரித்தது. பிறகு நோவு, பிறகு விறைப்பு வந்தாலே தாங்க முடியாத வலி. மனைவிக்குப் பக்கத்தில் படுக்கவே பயந்தேன். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி முன்னறையில் பாய் விரித்தேன். இல்லாத பரீட்சை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். நிமிராமலே கேட்டார்.

"என்னப்பா, உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ? அப்பிடியெண்டாச் சொல்லுங்கோ. நான் அழமாட்டன்."

சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. சாட்டியில் தொடங்கி நீலம் பாரித்தது வரை எல்லாவற்றையும் நிலத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"இப்பவும் நோகுதோ?" என்றுதான் கேட்டார்.

"ஓம்."

"நாளைக்கு ரெண்டுபேரும் லீவு போடுவம். டொக்டரிட்டைப் போவம்."

"நீர் வரவேண்டாம். வெக்கமாயிருக்கும்."

"வெளியில கதிரையில இருக்கிறன். அதுக்கென்ன வெக்கம்?"

மறுநாள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். தீவிலிருந்து போகும் பாலம் முழுவதும் அவர் என் கையை விடவில்லை. பஸ்ஸில் எங்களைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தும்.

டொக்டர் வயதானவர். "வீடியோ பார்த்துப் பயிற்சி செய்தனான், இப்ப நோகுது டொக்டர்" என்று கதையைத் தொடங்கினேன். பார்த்து முடித்ததும் கேட்டார்: "அளந்தனீங்களோ?"

"ஓம் டொக்டர். ஏழு மில்லிமீற்றர் கூடினது."

"எப்ப அளந்தனீங்கள்?"

"பயிற்சி முடிஞ்ச கையோட."

"காலமை எழும்பி, பயிற்சிக்கு முதல் ஒருநாளும் அளக்கேல்லையோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அளவு எடுத்தால் ஒரே நிலைமையில் எடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுப்பவன் நான். என்ன வேலை என்று அவர் கேட்காமல் விட்டதே பெரிய உபகாரம்.

"இழுத்தா வீங்கும். நீங்கள் அளந்தது வீக்கத்தை," என்றார். "வீக்கம் வத்தினா பழைய அளவுதான். இந்தப் பயிற்சியால வந்தது நிலைக்கும் எண்டு நம்பக்கூடிய ஆதாரம் ஒண்டும் நான் காணேல்லை. காயப்பட்டு உள்ளுக்குத் தழும்பு விழுந்தா அதுதான் நிலைக்கும். நல்லகாலம், நேரத்தோட வந்திட்டீங்கள். இனித் தொடக்கூடாது." பிறகு குரலைத் தணித்தார். "உங்கட அளவு சாதாரண அளவு தம்பி. இதை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அவ்வளவுதான்."

வெளியே வந்தபோது மனைவி எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்ததைக் கண்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நோவு மாற இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. டொக்டர் சொன்னபடி இரண்டு தரம் திரும்பிப் போய்க் காட்டினேன். எல்லாம் சுகமானபின் கடைசியாக ஒரு தரம், பயிற்சி ஏதும் இல்லாமல், அளந்தேன். தொடங்கிய நாளில் இருந்த அதே அளவு. மனைவியிடம் சொன்னேன்.

"எனக்கு முந்தினதும் தெரியாது, கூடினதும் தெரியாது," என்றார். "நீங்கள் முன்னறையில போய்ப் படுத்ததுதான் தெரியும்."

இது நடந்து நாலு வருடம். உடம்பு நன்றாக இருக்கிறது. அந்தப் பயம் எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் தேடிப் பார்த்தபோது இல்லை. நோகுதோ என்று முதலில் கேட்ட மனைவிக்கும், ஒரு கேள்வியால் என் மயக்கத்தைத் தெளிவித்த டொக்டருக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

போன மாதம் அந்த வீடியோவை மறுபடி தேடி எடுத்து, அதன் கீழே எனக்கு நடந்ததை எழுதினேன். மனைவிதான் வாசித்து எழுத்துப்பிழை திருத்தினார். பலர் என்னைக் கேலி செய்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒருவர் மட்டும், "அண்ணை, எனக்கும் நோகுது. டொக்டரிட்டை என்னெண்டு கதையைத் தொடங்கிறது?" என்று கேட்டிருந்தார். நான் தொடங்கிய விதத்தை அவருக்கு எழுதி அனுப்பினேன்.