சுவர்ப் பக்கம் ஒரு ஸ்டூல்

அந்த வார்டில் எல்லோரும் அவளை "ரெண்டு மணியக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். தானாகப் புரளமுடியாத நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கணவர் டிவி முன்னால் சாய்ந்தால் போதும், "எவ்வளவு நேரம் ஒரே பக்கம்? திரும்பிப் படுங்க!" என்று விரட்டுவாள். பாவம், அந்த மனுஷன் நல்ல உடம்போடு நோயாளியாகக் குடித்தனம் நடத்துகிறார்.

அவளுக்கே தண்ணி காட்டினார் ஏழாம் கட்டில் பஸ் டிரைவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. போதாததற்குச் சர்க்கரை வேறு. சுவரைப் பார்க்க இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் தலையணை தரையில், மனிதர் மல்லாக்க.

"யாரு அண்ணி எடுத்தது?"

"தானா நழுவிடுச்சும்மா" என்பாள், வலப்பக்க ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனைவி.

ஒருநாள் உடம்பு துடைக்கும்போது வால் எலும்பின் மேல் சட்டைப் பொத்தான் அளவு சிவப்பைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணுக்கு அதுதான் முதல் அடையாளம். இது புண்ணாகத் திறந்தால் சர்க்கரை உடம்பில் லேசில் ஆறாது. நர்ஸிடம் ஓடிச் சொல்லிவிட்டு வந்து, அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, போவதுபோல் போய்த் திரைக்குப் பின்னால் நின்றாள்.

அவருடைய வலது கை மெல்லப் பின்னால் வந்து தலையணையை உருவியது.

"அண்ணா! கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க!"

அவர் அசடு வழிந்தார். "அந்தப் பக்கம் வெறும் சுவருதானம்மா. நாப்பது வருஷம் ரோட்டைப் பார்த்தே போயிடுச்சு. இப்பதான் இவ மூஞ்சியைப் பார்க்கிறேன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ரெண்டு மணியக்காவுக்கு வாய்வரை வந்த திட்டு அப்படியே அடங்கிப்போனது. அவர்மேல் அவளுக்குப் பாசம் பொங்கியது, தன்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடமாக ஆளைத்தான் புரட்டினாள், கட்டிலை நகர்த்தத் தோன்றவில்லையே!

சக்கரப் பூட்டை விடுவித்துக் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு ஸ்டூல் அகலத்துக்கு இழுத்தாள். "அண்ணி, இனிமே அவரோட நீங்களும் பக்கம் மாறணும்."

"கட்டில் ஏன் வரிசை தப்பி நிக்குது?" என்று தலைமை நர்ஸ் கேட்டார். அவள் அந்தச் சிவப்பைக் காட்டினாள். அவரே குனிந்து சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை. அழுத்திய இடம் வெளுத்து, உடனே நிறம் திரும்பியது; அங்கே ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பத்து மணி முறைக்கு அவள் வந்தபோது, ஸ்டூல் ஏற்கெனவே சுவர்ப் பக்கம் போயிருந்தது. டிரைவர் கடிகாரத்தைக் காட்டினார்.

"என்னம்மா, மூணு நிமிஷம் லேட்டு. அவ அங்க தனியா உட்கார்ந்திருக்கா, சீக்கிரம் திருப்பு."