எமனுக்கு யார் பெண் கொடுப்பார்?

குணசித்திர நடிகன் என்பவன், பார்க்கிறவர்கள் எல்லாரும் “எங்கேயோ பார்த்த முகம்” என்று சொல்லி, பெயர் மட்டும் ஒருவருக்கும் நினைவு வராத ஆசாமி. இப்போது டெலிவிஷன் நாடகங்களில் கட்டிலில் கிடந்து இருமுகிற பெரியவர் நான்தான். ஆனால் தொழில் பழகியது ஐம்பதுகளில், நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில். மாசி மாதக் காமன் கூத்துக்கு ஆள் பிடித்த வாத்தியார், என் உயரத்தையும் தொண்டையையும் பார்த்து எமன் வேஷத்தை மாட்டிவிட்டார். பொல்லாத வேஷம் கட்டிப் பிழைக்கும் சகோதரர்களே, மிச்சம் சொல்லாமலே உங்களுக்குப் புரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

தொண்டை காய்ந்த கதை

கூத்தன்று வேஷக்காரர்கள் தப்பு முழங்க, தொழிலாளர் வீட்டு வரிசைகளை லயம் லயமாகச் சுற்றித்தான் பொட்டலுக்குப் போவோம். காமனுக்கும் ரதிக்கும் வாசலுக்கு வாசல் ஆராத்தி. பின்னால் நான் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு வந்தால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, சின்ன வயதிலிருந்து எனக்குச் சோறு போட்ட அஞ்சலை அக்கா வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி கேட்டேன். அக்கா கதவிடுக்கில் சொன்னார்: “மூஞ்சியக் கழுவிட்டு வா தம்பி, பால் தேத்தண்ணியே தாறேன். இந்தக் கோலத்துல நம்ம வாசப்படிய மிதிச்சிறாத.”

அடுத்த காம்பரா

ஒரு வருஷம் பனிமூட்டத்தில் கூட்டத்தைத் தவறவிட்டு, மேல் லயத்து ஒற்றையறை வீடுகளில் கடைசிக் காம்பராவுக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே மூக்கன் மாமா காய்ச்சலில் படுத்திருந்தார். கிரீடமும் கயிறுமாக வாசலை அடைத்து நின்ற என்னைக் கண்டதும் கம்பளியை உதறிவிட்டுத் துள்ளி எழுந்தார். மறுநாள் காலை, வேலைக்கு முன் கங்காணி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவரே முதல் ஆளாக வந்து நின்றது வேறு கதை. அந்த நிமிஷம் என்னைக் கும்பிட்டு, பக்கத்துச் சுவரைக் காட்டி அவர் சொன்னது: “நான் இல்லீங்க சாமி! கங்காணி அடுத்த காம்பரா!”

பெண் கேட்கப் போனது

இதெல்லாம் சிரிக்க நன்றாகத்தான் இருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது அழுகை வந்தது. போன இடமெல்லாம் “எமன் கட்டுறவனுக்கா?” என்று கையை விரித்தார்கள். எனக்கோ, வட்டகொடைப் பக்கத்துச் செல்லத்தை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. துணிந்து போய்க் கேட்டேன். “வேஷத்த வுடுங்க, பொண்ணத் தாறேன்” என்றார் அவளுடைய அப்பா. கூத்தில்லாத மாசியை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. செல்லமில்லாத மற்ற மாதங்களையும் முடியாது. சரி, வேஷம் போகட்டும் என்று வாயெடுக்கப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து செல்லத்தின் குரல் கேட்டது: “நம்ம வூட்லயே ஒரு எமன் இருந்தா, வெளிய உள்ள எமன் எப்புடிப்பா வருவான்? வேஷம் இருக்கட்டும்.”

திறந்திருந்த கதவு

அடுத்த மாசியிலும் நான் வர வர கதவுகள் சாத்திக்கொண்டே வந்தன. எங்கள் லயத்தில் மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. கழுத்தில் புதுத் தாலியும் கையில் கோப்பையுமாகச் செல்லம் வாசலில் நின்றாள். அஞ்சலை அக்காவும் மற்றவர்களும் கதவிடுக்குகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கி, பூசியிருந்த கரி கன்னத்தில் வழிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் கோப்பையை நீட்டிச் சொன்னாள்: “மீசைய ஒதுக்கிட்டுக் குடிங்க, தேத்தண்ணியில முடி வுழுந்துரப் போவுது.”

அதற்குப் பிறகு டெலிவிஷன்காரர்கள் என்னை எத்தனையோ தடவை சாகடித்துவிட்டார்கள், ஆனால் செல்லம் அப்பாவிடம் சொன்ன நியாயம் இதுவரை பொய்க்கவில்லை, இரண்டு பேரும் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.