தாட்சாயிணியின் ஐந்து நாள் லீவு

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் வாஷர். அதை மாற்ற ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தாட்சாயிணியைக் கேட்டால் ஐந்து நிமிடம் என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். திருமழிசை எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக டெஸ்டிங்கில் நிற்கிறவள் அவள். பேக்கிங்கில் பெட்டி ஒட்டத்தான் சேர்ந்தாள். டெஸ்டிங் ஆள் வராத ஒரு நாளில் சூப்பர்வைசர் கூப்பிட்டு நிறுத்தினார். நின்றவள்தான், இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். வால்வுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றும்போது எங்கே கசியப்போகிறது என்று மீட்டர் முள் அசைவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். புதிதாக வருகிற டிப்ளமோ பையன்கள் அவளைக் கேட்டுத்தான் சீல் வைப்பார்கள்.

அந்த வேலை கொடுத்த பரிசு அவள் காலில் இருந்தது. எட்டு மணி நேரம் ஈரத் தரையில் நின்று நின்று கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு நீலம் பாய்ந்துவிட்டது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கும்போது செருப்பு வார் பாதத்தில் பதிந்திருக்கும். பூந்தமல்லியில் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "நாலஞ்சு நாள் சேர்ந்தாப்ல காலை உயர வச்சுப் படுத்திருங்க. வீக்கம் வடியலேன்னா ஆபரேஷன்தான், வேற பேச்சே இல்ல."

நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் யார் தருகிறார்கள்? தாட்சாயிணி சம்பாதித்துக்கொண்டாள். ஆயுத பூஜை புதன்கிழமை, விஜயதசமி வியாழன். வெள்ளிக்கும் சனிக்கும் பதிலாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் வேலை செய்து கொடுத்தாள். ஞாயிறோடு சேர்த்து ஐந்து நாள். ஆவடியில் கட்டிக்கொடுத்த மகள் பவித்ரா, "கொலு பாக்க வாம்மா" என்று கூப்பிட்டதற்கு, "நானும் வரல, நீங்களும் வராதீங்கடி. நான் படுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். காலுக்கு வைத்துக்கொள்ள இரண்டு தலையணைக்கு உறை கூடத் துவைத்து வைத்திருந்தாள், பாவம்.

அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆள் ஒருவன் இருந்தான். அவள் புருஷன் மணவாளன்.

மணவாளன் கெட்டவன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். குடியில்லை, சீட்டில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். அவனுக்கு இருக்கிற ஒரே வியாதி, லீவு நாளில் சும்மா உட்கார முடியாது. அயனம்பாக்கத்தில் அப்பன் காலத்து மனையில் கட்டிய அந்த வீட்டை அவன் ஒரு பண்டிகைக்கும் நிம்மதியாக விட்டதில்லை. போன பொங்கலுக்கு ஃபேன் சத்தம் போடுகிறது என்று கழற்றினான், வீடு முழுக்க ஒயரிங் மாறியது. தாட்சாயிணி பொங்கல் பானையைத் தெருவில் வைத்துப் பொங்கினாள். அதற்கு முந்தின தீபாவளிக்கு மாடிப்படியில் ஒரு படி பெயர்ந்திருந்தது. மாடிப்படியையே இடித்துவிட்டான். வீட்டுக்குள் வெளியாள் கை வைக்க விட்டதில்லை என்று பெருமை வேறு பேசிக்கொள்வான். இடித்துப்போட்டதை அள்ளிக் கொட்டுகிற கை யாருடையது என்று அந்தப் பெருமையில் வராது.

பாத்ரூம் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் போய்விட்டது என்று அவள் அன்றே சொன்னாள். மூன்று மாதம் காதில் ஏறாதது, சரியாக ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவனுக்கு ஏறியது. அவனுக்கு அன்றைக்கே லீவு, அவளுக்கு இல்லை.

கம்பெனியில் பூஜை போட்டுக் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் மணல் குவிந்திருந்தது. பாத்ரூமில் தரை இல்லை. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. சமையல் கட்டுச் சுவரில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பாத்ரூமில் இருந்து மணவாளன் எட்டிப் பார்த்தான்.

"வந்துட்டியா தாட்சா? இத்தப் பாரேன். வாஷரத்தான் கழட்டினேன். உள்ள பைப்பு வளையற எல்போ உடைஞ்சிகினு வந்துச்சு. இழுத்தா, பைப்பு மொத்தமும் துரு. நல்லவேளை, இப்பவே பாத்தோம்."

"தரை இன்னாத்துக்கு தோண்டிகீது?"

பதிலைப் பள்ளத்துக்குள் நின்ற கொத்தனார் பச்சையப்பன் சொன்னான். மணவாளனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அதனால் வெளியாள் கணக்கில் வரமாட்டான்; எல்லா இடிப்புக்கும் கூட்டாளி. "சாய்வு தப்பா கீது அண்ணி. தண்ணி சொவத்தாண்ட போவுது. பைப்பு மாத்தறதுதான் மாத்தறோம், தரையையும் ஒரேயடியா பண்ணிட்டா பேஜார் இல்ல பாரு."

"நாளைக்குள்ள முடியுமா?"

பச்சையப்பன் அவளை ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நாளைக்கு ஆயுத பூஜையாச்சே அண்ணி! கரண்டி, மட்டப்பலகை எல்லாம் கழுவி சாமியாண்ட வெச்சுருவேன். நாளன்னிக்கி நல்ல நேரம் பாத்து எடுத்து ஒரு கல்லு வைக்கலாம். வேலைன்னா வெள்ளிக்கெழமதான்."

ஆக, பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்று தெரிந்த இரண்டு ஆண்கள், பூஜைக்கு முந்தின நாள் பார்த்து வீட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஊரில் வேறு யாராவது இதைச் செய்வார்களா? தாட்சாயிணிக்குத் திட்டுவதற்குக் கூடத் தெம்பில்லை. மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டார்கள். வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலில் மோட்டார் பக்கத்துக் குழாயில் மட்டும் வந்தது. அன்று ராத்திரி சமைக்க, கழுவ, கால் கழுவ எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் வாளியில் தூக்கினாள்.

புதன்கிழமை விடிந்தது. லீவின் முதல் நாள். கூடத்து மணலை ஓரமாக ஒதுக்கினாள். சிமெண்டுத் தூசியை இரண்டு தரம் துடைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் கோலம் போட்டாள். கடலையை ஊற வைத்திருந்ததால் சுண்டலுக்கு வேக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், ஒவ்வொரு தண்ணீருக்கும் வாசலுக்கு ஒரு நடை. மணவாளன் ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் போட்டுப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழை இலையில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கினான். பெரிய பைப் ரெஞ்ச் நடுவில் இருந்தது. அதற்கு மட்டும் சாமந்திப் பூ.

"வடை ரெண்டு தட்டிடு தாட்சா. பச்சையப்பன் வருவான்."

அவள் பாத்ரூம் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். பழகிய கண்ணுக்கு ஒரு நொடி போதும். பாத்ரூமுக்குப் பிரிகிற இடத்தில் ஒரு மூடியைப் போட்டு இறுக்கினால் போதும், மேலே வால்வைத் திறந்துவிடலாம். சமையல் கட்டுக்காவது தண்ணீர் வரும்.

"யோவ், அந்த முனையில ஒரு மூடி போட்டு முடுக்கு. பத்து நிமிஷ வேலை. நான் தண்ணி தூக்க வேணாம்."

"எத்த வெச்சு முடுக்கறது? ரிஞ்சு பூஜையில கீது."

"எடு."

"இன்னா பேச்சு பேசற நீ? பூஜையில வெச்சத எடுத்தா வெளங்குமா? வருசம் பூரா நமக்கு ஒழைக்குது, இன்னிக்கி ஒரு நாளு அதுக்கு ரெஸ்ட்டு."

தாட்சாயிணி வாளிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டு வாளி நிறையப் பிடித்தாள். மூச்சு வாங்கவே, நிலைப்படியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ராஜகுமாரி மதில்மேல் கையூன்றி, "ஏங்க்கா, கால் இப்படி வீங்கிகீதே, படுக்கப் போறேன்னியே?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாளிகள் இல்லை. மணவாளன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். முதல் வாளி காலி. இரண்டாவதை அவள் கண்ணெதிரே டயர்மேல் ஊற்றினான்.

"வண்டியும் ஆயுதம்தானே, அதான்" என்றான் சிரித்துக்கொண்டு. பிறகு அதே வண்டியில் ஏறித் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கக் கிளம்பிப் போனான்.

அட, ஒரு மனுஷிக்கு எத்தனை தரம்தான் பொறுமை வரும்! தாட்சாயிணி கொஞ்ச நேரம் காலி வாளியையே பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். துடைத்தாள். ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வாளியும் வந்தது. அப்புறம் அவளை நிறுத்த யாருமில்லை. சுண்டலை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்து, கேஸ் குழாயைக் கழற்றி, அடுப்புக்கும் பொட்டு வைத்துத் தூக்கி வந்தாள். மிக்ஸி, அரிவாள்மணை, தோசைக்கல், குக்கர், கரண்டிகள், டீ வடிகட்டி. துடைப்பத்துக்கும் குங்குமம் வைத்தாள். இலை போதாமல் செய்தித்தாளை விரித்தாள். சமையல் கட்டில் உப்பு ஜாடியும் டப்பாக்களும்தான் மிச்சம்.

மணவாளன் பூசணிக்காயோடு வந்தான். பின்னாலேயே பச்சையப்பன். இருவரும் கூடத்தில் அப்படியே நின்றார்கள்.

"இன்னாமே இது?"

"ஆயுதம். பூஜையில வெச்சிகீறேன்."

"ஸ்டவ்வுகூடவா? அப்ப வடை? டீ?"

"நாளைக்கி நல்ல நேரம் பாத்து எடுப்பேன். ஒரு கரண்டி மாவு ஊத்துவேன். சமையல்னா வெள்ளிக்கெழமதான்."

பச்சையப்பன் தரையைப் பார்த்தான். மணவாளன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "வெளையாடாத தாட்சா. நல்ல நாளும் அதுவுமா, வந்த ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணியாச்சும் குடு."

தாட்சாயிணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இரண்டு உள்ளங்கையிலும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள்.

"இத்தயும் வெச்சாச்சு" என்றாள். "வருசம் பூரா உனக்கு ஒழைக்குது."

சொல்லிவிட்டுப் பூஜைக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள். இரண்டு தலையணையைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். தூக்கி வைத்ததில் புடவை முழங்கால் வரை ஏறிக்கொண்டது. இழுத்துவிடவில்லை. பச்சையப்பன் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மணவாளன் அந்தக் கால்களைப் பார்த்தான். முடிச்சு முடிச்சாக நீலம், பாதத்தில் அழுத்தினால் குழி விழும்போல் இருந்தது.

"எப்பத்லேர்ந்து இப்படி கீது?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"டாக்டராண்ட நீதான இட்டுகினு போன. உள்ள வான்னேன். பைக்காண்ட நின்னுகினு பச்சையப்பனோட மணல் ரேட்டு பேசிகினு இருந்த."

அவன் பூசணிக்காயைக் கீழே வைத்தான். பிறகு குனிந்து, பைப் ரெஞ்ச் மேலிருந்த சாமந்தியை எடுத்து இலை ஓரத்தில் வைத்தான். ரெஞ்சைக் கையில் எடுத்து, அதிலிருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தான்.

தாட்சாயிணி கண்ணைத் திறக்கவில்லை.

"மரையில வெள்ள டேப்ப அஞ்சு சுத்தாச்சும் சுத்து" என்றாள். "நீ மாட்னா அந்த எடம் கசியும்."