வீடெல்லாம் மணக்குது

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நிலக்கரியிலிருந்து சமையல் எரிவாயு எடுக்கும் ஆலையில் வேலை. அந்த வாயுவிலுள்ள கந்தகத்தை, இரும்புத்துரு கலந்த மரச்சீவல் உறிஞ்சிக்கொள்ளும். பெரிய பெட்டிகளில் அதை நிரப்புவதும், உறிஞ்சி முடித்ததை வாரிக் கொட்டுவதும் எங்கள் பாடு. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இதுவா என்று கேட்காதீர்கள். வேறு எவன் கொடுத்தான்?

ரயிலில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். தப்பித்தவறி உட்கார்ந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துபோவார்கள். என் நிறம்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். பேச ஆளில்லாமல் அறைக்கு வந்து அழுதிருக்கிறேன், சொல்ல என்ன வெட்கம்? ராஜினாமாக் கடிதம்கூட எழுதிக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன்.

அன்று பிளாக்டவுனில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி சாப்பிட அழைத்திருந்தார்கள். என்னிடமிருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அக்கா, "வாங்கோ தம்பி" என்றவர், "என்ன, சரியா மணக்குது!" என்றார்.

சமையலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஆமாக்கா, வாசல்லயே தூக்குது!"

அவர் ஒரு மாதிரி பார்த்தார். ஜன்னல்களையெல்லாம் திறந்தார். பின்பக்க வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்தக் குளிரில்! இவர்களுமா என்னைத் தள்ளிவைக்கிறார்கள்? நாளைக்கே கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்று எழுந்தேன். "நான் கெளம்புறேங்க்கா."

"ஐயோ, கோவிக்காதேங்கோ தம்பி. நான் சாப்பாட்டைச் சொல்லேல்லை. உங்கட கோட்டுத்தான் கூழ்முட்டை மாதிரி மணக்குது. நாங்கள் மணக்குதெண்டு சொன்னால் நாறுதெண்டு அர்த்தம்."

கந்தகம்! அதிலேயே கிடந்த என் மூக்கு எப்போதோ மரத்துப்போயிருக்கிறது.

அக்காவின் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டும் தன் சட்டையும் கம்பளி மேலங்கியும் தந்தார். தலைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, உள்ளே மேசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். கோட்டை அக்கா கொல்லைக் கொடியில் தொங்கவிட்டார். கடிதம் அதிலேயே நாறிக்கொண்டு கிடந்தது. அதை நான் கொடுக்கவே இல்லை.

கோட்டை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பும் ரயிலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தோள் என் தோளில் உரசியது. இந்த நாட்டு ரயிலில் என்மேல் பட்ட முதல் தோள். எழுந்திருக்க மனம் வராமல், என் நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போனேன்.

நிறத்தைப் பார்த்து விலகியவர்களும் இருந்திருப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இன்றைக்கும் யாராவது தள்ளி உட்கார்ந்தால், கோபம் வருவதற்கு முன்னால், 'நான் மணக்கிறேனா?' என்று அந்த அக்காவின் அர்த்தத்தில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.